ஒரே லாகின்ல மூணு ஆப்: செஷனைப் பகிரலாமா?

சிப்காட்வாசி · திங்கள், காலை 10:12

எல்லாருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில சின்ன சாஃப்ட்வேர் கடை எங்களுது. ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு ஷூ ஃபேக்டரிக்கு மூணு வெப் ஆப் ஓடினு இருக்கு. ஸ்டாக் ஆப் பழைய பிஎச்பி மொழி, ஃப்ரேம்வொர்க் (ரெடிமேட் கோட் சட்டகம்) எதுவும் கிடையாது. தோல், சோல், லைனிங், கெமிக்கல் வரவு செலவு எல்லாம் அதுல. சம்பளம், வருகைப்பதிவு லாரவெல்ங்கற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்ல. எக்ஸ்போர்ட் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் போடுறது ஜாவா, டாம்கேட்ங்கற சர்வர்ல. அது வெளியாள் ஒருத்தர் செஞ்சு அவரோட சொந்த டொமைன்ல வெச்சிருக்கார். முதல் ரெண்டும் கம்பெனி டொமைன்ல ரெண்டு சப்டொமைன்.

ஓனர் கேக்கறது இதுதான்: "ஜிமெயில் தெறந்தா யூடியூப் தானா என் பேர்ல வருது. நம்ம ஆளுங்க மட்டும் இன்னாத்துக்கு மூணு பாஸ்வேர்டு வெச்சினு கீறாங்க?" நியாயமான கேள்விதான். கேட் ஆபீஸ் மானிட்டர் ஓரத்துல மூணு பாஸ்வேர்டையும் பேப்பர்ல எழுதி செலோடேப் போட்டு ஒட்டி வெச்சிருக்காங்க.

என் யோசனை: குக்கீயை (பிரவுசர் ஒவ்வொரு தடவையும் சர்வருக்குத் திருப்பி அனுப்பற சின்னக் குறிப்பு) மெயின் டொமைனுக்கு மாத்திடலாம், செஷனை (லாகின் ஆனவரைப் பத்தி சர்வர் வெச்சிருக்கிற தகவல் பை) ரெடிஸ்ங்கற மெமரி டேட்டாபேஸ்ல போட்டுடலாம், மூணு ஆப்பும் அதையே படிக்கட்டும். சரி வருமா?

காட்பாடி_ஜங்ஷன் · காலை 10:40

பாதி வரும்.

குக்கீயில டொமைன் குடுக்காம விட்டா, எந்த ஹோஸ்ட் வெச்சுதோ அதுக்கு மட்டும்தான் பிரவுசர் திருப்பி அனுப்பும். கம்பெனி டொமைனைக் குடுத்தா அதுக்குக் கீழ இருக்கிற எல்லா சப்டொமைனுக்கும் போகும். முன்னாடி புள்ளி வைக்கணுமான்னு இன்னும் சண்டை போடுறாங்க. 2011-ல வந்த ஆர்.எஃப்.சி. 6265-ங்கற குக்கீ விதிமுறைப்படி அந்தப் புள்ளியை பிரவுசர் கண்டுக்கவே கூடாது. போர்ட் நம்பரும் கணக்குல இல்லை. ஒரே மெஷின்ல 8080, 8081-ல ரெண்டு ஆப் ஓட்டி டெஸ்ட் பண்ணா, ஒண்ணுல லாகின் ஆனதும் இன்னொண்ணு வெளிய தள்ளும். ரெண்டுக்கும் குக்கீ பேர் ஒண்ணுதானே.

மூணாவது ஆப் வேற டொமைன்ல இருக்கு. அதுக்கு இந்த வழி ஆகவே ஆகாது. ஒரு டொமைன் இன்னொரு டொமைனுக்கு குக்கீ வைக்க பிரவுசர் விடாது.

மத்தபடி ரெண்டு ஆப்பும் பிஎச்பியா இருந்து ஒரே சர்வர்ல ஓடினா, செஷன் பேரு, சேவ் பாத் (செஷன் ஃபைல் சேமிக்கிற இடம்), குக்கீ டொமைன் மூணும் ஒண்ணா இருக்கணும். அப்பவும் ரெண்டு இடத்துல மாட்டும். எஃப்பிஎம் பூல் (பிஎச்பியை ஓட்டற ப்ராசஸ் கூட்டம்) ரெண்டும் வேற வேற யூசர்ல ஓடினா, ஒருத்தர் உண்டாக்கின செஷன் ஃபைலை இன்னொருத்தரால தெறக்க முடியாது, பர்மிஷன் 600, உண்டாக்கினவருக்கு மட்டும். பர்மிஷனைத் தளர்த்தினாலும் "இது உன் யூஐடி (யூசர் நம்பர்) உருவாக்கின ஃபைல் இல்லை"ன்னு பிஎச்பியே மறுத்துடும். அப்புறம் செஷன் ஆயுசு. டீஃபால்ட் 1440 செகண்ட், அதாவது 24 நிமிஷம். ஒரு ஆப்ல எட்டு மணி நேரம்னு கூட்டி வெச்சு இன்னொண்ணை அப்படியே விட்டா, கம்மியா வெச்ச ஆப் பழைய செஷனை அழிச்சு குப்பை கூட்டும்போது இன்னொருத்தர் செஷனையும் சேர்த்துக் கூட்டிடும்.

பூட்டு விஷயம் தனிக்கதை. பிஎச்பி ஃபைல் செஷனை ஒரு ஸ்கிரிப்ட் தெறந்தா, அது முடியற வரைக்கும் பூட்டு அதுகிட்டதான். தனித்தனி ஆப்பா இருக்கும்போது இது தெரியாது. பகிர்ந்துட்டா, ஸ்டாக்ல ஒருத்தர் வருஷ ரிப்போர்ட் அமுக்கிட்டு அடுத்த டேப்ல சம்பளம் தெறந்தா, ரிப்போர்ட் முடியற வரைக்கும் சக்கரம் சுத்தினே இருக்கும். உடனே "நெட் ஸ்லோ"ன்னு உங்களுக்கு ஃபோன் வரும். செஷன்ல படிக்க வேண்டியதைப் படிச்ச உடனே மூடிடணும். ரெடிஸ்க்கு மாத்தினா பூட்டு பிரச்னை போயிடும், ஏன்னா பிஎச்பியை ரெடிஸோட இணைக்கிற பிஎச்பிரெடிஸ்ல பூட்டு டீஃபால்ட்டா கிடையாது. அதுக்குப் பதிலா ரெண்டு ஆப் ஒரே நேரத்துல எழுதினா கடைசியா எழுதினது நிக்கும், முதல்ல எழுதினது காணாமப் போகும்.

விருதம்பட்டு_பையன் · காலை 10:55

அண்ணே, இவ்ளோ கஷ்டம் இன்னாத்துக்கு? ஜே.டபிள்யூ.டி. (சர்வர் கையெழுத்துப் போட்ட டோக்கன்) போட்டு லோக்கல் ஸ்டோரேஜ்ல (பிரவுசருக்குள்ளயே சேமிக்கிற இடம்) வெச்சா செஷனே வேணாமே? காலேஜ் ப்ராஜெக்ட்ல அப்படித்தான் பண்ணோம்.

முள்ளுக்கத்திரி · காலை 11:20

தம்பி, லோக்கல் ஸ்டோரேஜ் டொமைனுக்கு டொமைன் மட்டுமில்லை, சப்டொமைனுக்கு சப்டொமைனே தனித்தனி. ஸ்டாக் வெச்சதை சம்பளத்தால படிக்கவே முடியாது. பேஜ்ல எவனாவது ஒரு ஸ்கிரிப்டை நுழைச்சிட்டா டோக்கனை அள்ளினு போவான், எச்டிடிபி-ஒன்லி குக்கீயா (ஸ்கிரிப்டால படிக்க முடியாதது) இருந்தா அந்த ஒரு வழியாவது அடைபடும். ஒருத்தரை வேலையை விட்டுத் தூக்கின அப்புறமும் டோக்கன் காலாவதி ஆகிற வரைக்கும் செல்லும். அதைத் தடுக்க ஒரு லிஸ்ட் வெச்சினு ஒவ்வொரு தடவையும் தேடினா, நீ பழையபடி செஷனுக்கே வந்துட்ட.

இழை தொடங்கினவருக்கு ஒரு கேள்வி. ஸ்டாக் ஆப்ல லாகின் ஆனவர் யாருன்னு செஷன்ல எந்தப் பேர்ல வெச்சிருக்கீங்க? 'யூசர்_ஐடி'யா?

சிப்காட்வாசி · காலை 11:31

ஆமா. யூசர்_ஐடி, ரோல் ரெண்டும்.

முள்ளுக்கத்திரி · காலை 11:58

இங்கதான் ஜங்ஷன் அண்ணன் சொன்னதைவிடப் பெரிய குழி இருக்கு. ஸ்டாக் டேட்டாபேஸ்ல யூசர் நம்பர் 7 யாரு? சம்பள டேட்டாபேஸ்ல நம்பர் 7 யாரு? ரெண்டு டேபிளும் தனித்தனியா ஒண்ணுல இருந்து எண்ண ஆரம்பிச்சதுதானே. ஸ்டாக்ல 7 கிடங்குல லைனிங் எண்ற பையனா இருக்கும். சம்பளத்துல ஆரம்பத்துல சேர்த்த நம்பருங்க எப்பவும் ஓனர், ஜி.எம்., எச்.ஆர். மேனேஜர். ரெண்டு ஆப்பும் ஒரே செஷன் பையில கையை விட்டு 'யூசர்_ஐடி'யை எடுத்தா, கிடங்குப் பையன் சம்பளப் பக்கத்துல ஜி.எம்.மா நடந்து போவான். ஹேக்கிங் எதுவும் தேவையில்லை. அவனுக்கே தெரியாது.

'ரோல்' இதைவிட மோசம். ஸ்டாக்ல 'அட்மின்'னா சைஸ் சார்ட் மாத்தற ஆள். சம்பளத்துல 'அட்மின்'னா இங்க்ரிமெண்ட் போடுற ஆள். இங்கிலீஷ்ல ரெண்டும் அதே அஞ்சு எழுத்து.

அதனால, பகிரணும்னா பகிர வேண்டியது "இவர் யாரு" மட்டும்தான். அதுவும் மூணு இடத்துலயும் ஒரே ஆளைக் குறிக்கிற ஒண்ணு: எம்ப்ளாயி நம்பர். மெயில் ஐடி வேணாம், ஃபேக்டரியில பாதிப் பேருக்கு இருக்காது. இருந்தா பொதுவா ஒரு ஜிமெயில். இவர் என்ன பண்ணலாம்ங்கறதை அந்தந்த ஆப் தன்னோட டேபிளைப் பார்த்து முடிவு பண்ணட்டும். பாதி நிரப்பின ஃபார்ம், ஃபில்டர் இதெல்லாம் செஷன்ல கிடக்கும் பாருங்க, அதை இன்னொரு ஆப் தொடவே வேணாம்.

சிப்காட்வாசி · மதியம் 12:25

ரெண்டு டேபிளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். சம்பளத்துல 3 ஓனர் தம்பி. ஸ்டாக்ல 3 செக்யூரிட்டி ஷிஃப்ட் பி. ரெடிஸ் யோசனையை நிறுத்தி வெச்சுட்டேன்.

காட்பாடி_ஜங்ஷன் · மதியம் 12:50

நிறுத்தினதுக்கு இன்னொரு காரணமும் சேர்த்துக்கோங்க. லாரவெல் பிஎச்பியோட சொந்த செஷனைத் தொடவே தொடாது. அதுக்குன்னு தனி செஷன். குக்கீயை ஆப் கீ (அந்த ஆப்போட ரகசியச் சாவி) வெச்சு என்கிரிப்ட் பண்ணும், ரெடிஸ் சாவிக்கு முன்னாடி தன்னோட ப்ரிஃபிக்ஸ் ஒட்டும், உள்ள லாகின் ஆன ஆளை 'லாகின்_வெப்_'னு ஆரம்பிச்சு நீளமா ஒரு ஹாஷ் வர்ற பேர்ல வைக்கும். பழைய பிஎச்பில இருந்து இதையெல்லாம் பிரிச்சுப் படிக்க முடியாதுன்னு இல்லை. படிக்கலாம். ஆனா அடுத்த லாரவெல் அப்கிரேடுல எது மாறும்னு தெரியாம ஒவ்வொரு வாட்டியும் உட்கார்ந்து ரிப்பேர் பண்ணணும். எந்த மொழியா இருந்தாலும் இதே கதைதான். ஜாவாஸ்கிரிப்டுக்கான எக்ஸ்பிரஸ் தன் சீக்ரெட் வெச்சு குக்கீயில கையெழுத்துப் போடும், பைதானுக்கான ஜாங்கோ செஷன் வேற வடிவம். ஒரே ஃப்ரேம்வொர்க், ஒரே கீ, ஒரே டீம்னா மட்டும் செஷன் பகிர்வு நிம்மதி.

கோட்டை_அகழி · மதியம் 2:15

சாப்பிட்டு வந்து மொத்தமா படிச்சேன். ஜாவா பக்கம் நான் சொல்றேன்.

ஜாவா வெப் ஆப்புக்கான சர்வ்லெட் ஸ்பெசிஃபிகேஷன் படி செஷன் ஒரு வெப் ஆப்புக்குள்ள மட்டும்தான். ஒரே டாம்கேட்ல ரெண்டு வார் ஃபைல் (பேக் பண்ணின ஆப்) போட்டு, குக்கீ பாத்தை ஸ்லாஷ்னு வெச்சு, செஷன் ஐடி ரெண்டுக்கும் ஒண்ணாவே போனாலும், உள்ள இருக்கிற பை தனித்தனி. டாம்கேட்டுக்குள்ள சிங்கிள் சைன் ஆன்னு ஒரு வால்வ் (செருகற பாகம்) இருக்கு, அதே ஹோஸ்டுல இருக்கிற ஆப்புங்களுக்கு லாகினை மட்டும் பகிரும். பாருங்க, அவங்களே பையைப் பகிரலை, ஆளைத்தான் பகிர்றாங்க.

இப்ப ஓனர் சொன்ன ஜிமெயில், யூடியூப் கதைக்கு வருவோம். அது ரெண்டும் வேற டொமைன். அப்புறம் எப்படி? குக்கீயையே வெச்சிராத புது பிரவுசர்ல ஜிமெயில் லாகின் பண்ணும்போது டெவலப்பர் டூல்ஸ்ல நெட்வொர்க் டேபைத் தெறந்து வெச்சுப் பாருங்க. லாகின் முடிஞ்சதும் நேரா இன்பாக்ஸுக்குப் போகாது, நடுவுல அக்கவுண்ட்ஸ்.யூடியூப்.காம் வழியா ஒரு சுத்து போயிட்டு வரும். அந்த சுத்துலதான் யூடியூப் டொமைனுக்குன்னு தனி குக்கீ விழுது. ஒரு குக்கீயை ரெண்டு டொமைன் பாக்கலை. பிரவுசரையே ஆள் மாதிரி அனுப்பி, ஒவ்வொரு வீட்லயும் ஒரு சீட்டு வாங்கி வர வைக்கிறாங்க.

உங்களுக்கும் அதேதான். லாகினுக்குன்னு தனியா ஒரு சர்வர். பாஸ்வேர்டு அங்க மட்டும். மூணு ஆப்பும் "இவர் யாரு"ன்னு பிரவுசரை அங்க அனுப்பும். அந்த சர்வர் தன்னோட குக்கீயைப் பாக்கும். இருந்தா பாஸ்வேர்டு கேக்காமலே ஒரு ஒருமுறைச் சீட்டைக் குடுத்து திருப்பி அனுப்பும். ஆப் அந்தச் சீட்டை சர்வருக்கு சர்வர் நேரா கேட்டு மாத்திக்கும், அப்புறம் தன்னோட சொந்த செஷனைத் தெறக்கும். யேல் யுனிவர்சிட்டியில ஆரம்பிச்ச சிஏஎஸ்ங்கற லாகின் முறை இதைத்தான் பண்ணுச்சு. 2005 எஸ்ஏஎம்எல் 2.0, 2014 ஓப்பன்ஐடி கனெக்ட்ங்கற லாகின் ஸ்டாண்டர்டுங்க எல்லாம் இதே எலும்புக்கூட்டு மேல சதை.

விருதம்பட்டு_பையன் · மதியம் 2:40

அண்ணே, பேஜ் தாவாம, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஐஃப்ரேம்ல (பேஜுக்குள்ள இன்னொரு பேஜ்) லாகின் சர்வரைப் போட்டு "ஆள் இருக்காரா"ன்னு கேக்கலாமே?

கோட்டை_அகழி · மதியம் 2:52

ஒரு காலத்துல எல்லாரும் அப்படித்தான் பண்ணாங்க. எக்ஸ்போர்ட் ஆப் வேற டொமைன், அதுக்குள்ள வர்ற ஐஃப்ரேமுக்கு உங்க லாகின் குக்கீ மூணாம் ஆள் குக்கீ. சஃபாரி 2020 மார்ச்ல மொத்தமா தடுத்துடுச்சு. ஃபயர்பாக்ஸ் 2022-ல இருந்து ஒவ்வொரு சைட்டுக்கும் தனி குக்கீ ஜாடி. குரோம் எடுக்கப் போறேன், எடுக்கப் போறேன்னு சொல்லி கடைசில எடுக்கலை. ஆனா 2020-ல குரோம் 80 வந்ததுல இருந்து சேம்சைட் (வேற சைட்ல இருந்து கேட்டா போகலாமாங்கற குறிப்பு) எழுதாத குக்கீயை லாக்ஸா எடுத்துக்குது, வேற சைட்டுக்குள்ள இருக்கிற ஐஃப்ரேமுக்குப் போகாது. பேஜே தாவிப் போனா இந்தத் தடை எதுவும் இல்லை, அது முதல் ஆள் குக்கீ. பேஜ் தாவறது அசிங்கமா இருக்குன்னு நினைக்காத, அரை செகண்ட்.

முள்ளுக்கத்திரி · மாலை 4:05

ஒரு இடைச்செருகல். மெயின் டொமைனுக்கு குக்கீ வைக்கிறதை மொத்தமா விட்டுடறது நல்லது, ரெண்டு ஆப்புக்கு மட்டும்னாலும் கூட. கம்பெனி டொமைனுக்குக் கீழ வேற என்னென்ன சப்டொமைன் இருக்குன்னு டிஎன்எஸ்ஸை (டொமைன் பேர் பட்டியல்) போய்ப் பாருங்க. எப்பவோ டிசைன் பண்ணவர் தன்னோட ஹோஸ்டிங்ல வெச்ச 'டெஸ்ட்', அப்டேட்டே பண்ணாத வேர்ட்பிரஸ் 'பிளாக்' ஏதாவது நிச்சயம் இருக்கும். அகலமா வெச்ச குக்கீ அந்த சர்வருக்கும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்லயும் போகும். எச்டிடிபி-ஒன்லி பிரவுசர் ஸ்கிரிப்டைத்தான் தடுக்கும், வாங்கற சர்வரைத் தடுக்காது. அந்த வேர்ட்பிரஸ்ல புகுந்தவனுக்கு சம்பள ஆப்போட சாவி இலவசம்.

குக்கீ பேரை '__ஹோஸ்ட்-'ங்கற ப்ரிஃபிக்ஸோட வைங்க. டொமைன் குடுத்தா பிரவுசரே ஏத்துக்காது, செக்யூர் (எச்டிடிபிஎஸ்ல மட்டும் போகும்ங்கற குறிப்பு) இல்லாமலும் ஏத்துக்காது. இன்னொரு சப்டொமைன் உங்களுக்குப் பொய்க் குக்கீ திணிக்கறதும் நடக்காது.

பாகாயம்_அக்கா · இரவு 8:30

லாகினைப் பத்தி எல்லாரும் பேசிட்டீங்க. லாகவுட்? சிப்காட்வாசி தம்பி, அந்த கேட் ஆபீஸ் கம்ப்யூட்டரை எத்தனை பேர் தொடுறாங்க? சர்வருங்க எங்கெங்க இருக்கு?

சிப்காட்வாசி · இரவு 8:47

அக்கா, கேட்ல ஒரே பிசி, ஒரே விண்டோஸ் யூசர், ஒரே குரோம். செக்யூரிட்டி, ஸ்டோர் கீப்பர், ஷிஃப்ட் சூப்பர்வைசர் எல்லாரும் அதுலதான். ஷிஃப்ட் மாறும்போது ஒருத்தர் எழுந்திரிப்பார், அடுத்தவர் உட்காருவார், அவ்ளோதான். லாகவுட் பட்டனை யாரும் தொட்டதில்லை.

ஸ்டாக் சர்வர் ஃபேக்டரிக்குள்ளயே லேன்ல இருக்கு. சம்பளம் கிளவுட்ல. லாகின் சர்வரையும் கிளவுட்ல வைக்கலாம்னு இருக்கேன். நெட் அப்பப்போ போகும். ரோட்டுல பள்ளம் தோண்டினா ஃபைபர் போச்சு.

பாகாயம்_அக்கா · இரவு 9:20

நான் பயந்தது இதைத்தான். மூணு லாகின் இருக்கிற வரைக்கும் சூப்பர்வைசர் ஸ்டாக்கை மட்டும் தெறந்து வெச்சுட்டு எழுந்தா, அடுத்து உட்காருறவருக்கு ஸ்டாக் மட்டும்தான் தெறந்திருக்கும். ஒரே லாகின் ஆக்கிட்டா, அவர் எழுந்த சீட்டுல யார் உட்கார்ந்தாலும் சம்பள லிங்கை ஒரு தட்டு, பாஸ்வேர்டு கேக்காம அவரோட பே ஸ்லிப்பு. சூப்பர்வைசருக்கு டீம் சம்பளம் பாக்க உரிமை இருந்தா மொத்த லைனோட சம்பளமும். மறுநாள் கேட்ல சண்டை.

அதனால சம்பள ஆப் மட்டும் "பாஸ்வேர்டு போட்டு எவ்ளோ நேரம் ஆச்சு"ன்னும் கேக்கணும். ஓப்பன்ஐடி கனெக்ட்ல இதுக்கு மேக்ஸ்_ஏஜ்னு ஒரு பாராமீட்டர் இருக்கு. அஞ்சு நிமிஷம்னு குடுத்தா, அதுக்கு முன்னாடி போட்ட லாகின் செல்லாது, திரும்பக் கேக்கும். திரும்பி வர்ற டோக்கன்ல ஆத்_டைமை (பாஸ்வேர்டு போட்ட நேரம்) ஆப்பும் சரிபாக்கணும், லாகின் சர்வர் கேட்டிருக்கும்னு நம்பி விட்டுடக் கூடாது. ஓனர் முணுமுணுப்பார். சம்பளத்துக்கு ஒரு வாட்டி கூடக் கேட்டா தப்பில்லைன்னு சொல்லுங்க, மத்த ரெண்டுக்கும் கேக்காது.

லாகவுட்டுக்கு வர்றேன். ஸ்டாக்ல லாகவுட் அமுக்கினா ஸ்டாக் செஷன் மட்டும் சாகும். லாகின் சர்வர் குக்கீ உயிரோட இருக்கும், அடுத்த தட்டுலயே அதே ஆளா உள்ள வந்துடுவார். லாகவுட் வேலை செய்யலைன்னு உங்களுக்கு டிக்கெட் வரும். லாகின் சர்வர் குக்கீயையும் சாகடிச்சா, ஏற்கெனவே தெறந்திருக்கிற சம்பள செஷன் அப்படியே இருக்கும். எல்லாத்தையும் ஒண்ணா முடிக்க பேக்-சேனல் லாகவுட் இருக்கு: லாகின் சர்வர் ஒவ்வொரு ஆப்புக்கும் நேரா ஒரு போஸ்ட் ரிக்வெஸ்ட் அனுப்பி "இந்த எஸ்ஐடி (லாகின் செஷன் அடையாளம்) முடிஞ்சுது"ன்னு சொல்லும். ஆப் எந்த எஸ்ஐடிக்கு எந்த செஷன்னு ஒரு டேபிள் வெச்சிருக்கணும், இல்லைன்னா எதைச் சாகடிக்கிறது?

உங்க ஸ்டாக் சர்வர் லேன்ல, ரவுட்டருக்குப் பின்னாடி. கிளவுட்ல இருந்து அதுக்குப் போஸ்ட் வராது. உள்ள இருந்து வெளிய போறது போகும், அதனால லாகின் சரியா நடக்கும், லாகவுட் மட்டும் வராது. ரெண்டு நாளைக்கு ஏன்னே புரியாம முழிப்பீங்க.

கோட்டை_அகழி · இரவு 9:45

அக்கா சொன்னதுக்கு வழி: ஸ்டாக் ஆப்பே ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு வாட்டி வெளிய போய் "இந்த எஸ்ஐடி உயிரோட இருக்கா"ன்னு கேட்டுட்டு வரட்டும். ஒவ்வொரு பேஜுக்கும் கேக்க வேணாம், செஷன்ல கடைசியா கேட்ட நேரத்தை வெச்சுக்கிட்டா போதும்.

நெட் இல்லாம பதிலே வரலைன்னா என்ன பண்றதுங்கறதை இப்பவே எழுதி வையுங்க. ஸ்டாக்ல அந்த ஷிஃப்ட் முடியற வரைக்கும் விடலாம்னு நான் சொல்வேன், லாரி வாசல்ல நிக்கும்போது லாகின் சர்வரைக் காட்டி லோடை நிறுத்தினா உங்களைத்தான் திட்டுவாங்க. சம்பளம் கிளவுட்லயே இருக்கு, அதுக்கு இந்தச் சலுகை தேவையே இல்லை. புது லாகின் மட்டும் நெட் வர்ற வரைக்கும் நடக்காது. அதுக்கு ஸ்டாக்ல ஒரு அவசர லாகின், சூப்பர்வைசர் கையில மட்டும்.

லாகின் சர்வருக்கு கீக்ளோக்ங்கற ரெடிமேட் லாகின் சாஃப்ட்வேர் போடுங்க. 2014-ல ரெட் ஹேட்ல இருந்து வந்தது, இப்ப சிஎன்சிஎஃப் ஃபவுண்டேஷன்ல இருக்கு. மேக்ஸ்_ஏஜ், பேக்-சேனல் எல்லாம் உள்ளயே.

காட்பாடி_ஜங்ஷன் · இரவு 10:05

நாலு பேர் கடைக்கு கீக்ளோக்கா? ஒரு ஜி.பி.க்கு மேல ராம், அதுக்கு ஒரு டேட்டாபேஸ், வெர்ஷன் ஏத்தறப்பல்லாம் ரிலீஸ் நோட் படிக்கணும். மூணு ஆப்புக்கு சிஏஎஸ் மாதிரி ஒரு சீட்டு டேபிள் போதும். ரேண்டமா 32 பைட், ஆள், ஆப் பேரு, முப்பது செகண்ட் ஆயுசு, ஒரு தடவை கேட்டா டெலிட். சாயங்காலத்துக்குள்ள எழுதிடலாம்.

முள்ளுக்கத்திரி · இரவு 10:30

எழுதிடலாம். "திருப்பி அனுப்ப வேண்டிய அட்ரஸ்" எழுத்துக்கு எழுத்து லிஸ்டோட ஒத்துப் போகுதான்னு பாத்தீங்களா? 'கம்பெனி டொமைன்ல ஆரம்பிக்குதா'ன்னு பாத்தா, எவனோ அதே எழுத்துல ஆரம்பிக்கிற வேற டொமைன் வாங்கி சீட்டை அள்ளுவான். எக்ஸ்போர்ட்டுக்குக் குடுத்த சீட்டை சம்பளத்துல காட்டினா மறுக்குதா? நான் என் சீட்டோட ஒரு லிங்கை உங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி நீங்க தட்டினா, நீங்க என் பேர்ல உள்ள போய் வேலை பண்ணுவீங்களா? அதைத் தடுக்க ஆப் கிளம்பும்போதே ஒரு ஸ்டேட் (ரேண்டம் அடையாளம்) வெச்சு அனுப்பி திரும்பி வர்றப்ப ஒப்பிடணும். லாகின் ஆனதும் செஷன் ஐடி மாத்துறீங்களா? டேபிளை சாயங்காலம் எழுதலாம்ணே, இந்த லிஸ்ட்தான் ராத்திரி ஆகும். கூடவே, வெளியாள் ஜாவா ஆப் நீங்க சொந்தமா கண்டுபிடிச்ச முறையை ஏன் ஏத்துக்கணும்? ஓப்பன்ஐடி கனெக்ட்னா அவர்கிட்ட ரெடிமேட் லைப்ரரி இருக்கும்.

காட்பாடி_ஜங்ஷன் · இரவு 10:41

கடைசி பாயிண்டுக்கு நான் கவுந்துட்டேன். வெளியாள் ஒருத்தர் நடுவுல இருக்கும்போது ஸ்டாண்டர்டே சரி.

சிப்காட்வாசி · செவ்வாய், காலை 9:50

ஓனர்கிட்ட பேசிட்டேன். கீக்ளோக், கிளவுட்ல. ஆளை அடையாளம் காட்டறது எம்ப்ளாயி நம்பர். ஒவ்வொரு ஆப்புக்கும் தனி செஷன், தனி குக்கீ. சம்பளத்துக்கு அஞ்சு நிமிஷம். ஸ்டாக் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு வாட்டி போய்க் கேக்கும். முதல்ல லாரவெல்ல ஆரம்பிக்கிறேன், அதுக்கு பேக்கேஜ் இருக்கு. கேட் பிசியில ஆளுக்கு ஒரு விண்டோஸ் யூசர் போடலாமான்னு கேட்டதுக்கு செக்யூரிட்டி அண்ணன் முறைச்சார். சும்மா இருக்கும்போது லாகின் சர்வர் செஷன் பதினஞ்சு நிமிஷத்துல சாகட்டும்னு முடிவு.

கோட்டை_அகழி · காலை 10:20

ரெண்டே விஷயம். லாகின் சர்வர் பதிலை ஃபார்ம் போஸ்டா வாங்காதீங்க, க்வெரி ஸ்ட்ரிங்லயே (அட்ரஸோட ஒட்டி வர்றது) வாங்குங்க. வேற சைட்ல இருந்து வர்ற போஸ்டுக்கு லாக்ஸ் குக்கீ கூட வராது; எக்ஸ்போர்ட் ஆப் வேற டொமைன்ங்கறதால அங்க ஸ்டேட் காணோம்னு எரர் அடிக்கும்.

லேன் சர்வர்ல கடிகாரத்தைப் பாருங்க. சீமாஸ் பேட்டரி (மதர்போர்டு கடிகாரத்துக்கானது) செத்த மெஷினா இருந்தா பவர் கட் ஆகி வரும்போதெல்லாம் நேரம் தப்பும், டோக்கன் இன்னும் பொறக்கவே இல்லைன்னு ஸ்டாக் ஆப் மறுக்கும். என்டிபி (நெட்வொர்க் வழியா நேரம் சரிபண்றது) ஓடுதான்னு முதல்ல செக் பண்ணுங்க.

சிப்காட்வாசி · காலை 10:34

ஏழு நிமிஷம் பின்னாடி ஓடினு கீது அண்ணே. பேட்டரி வாங்க ஆள் அனுப்பிட்டேன்.